எந்தத் தீர்ப்பு என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வரும் சட்டக் கேள்வி பதில் பகுதியைக் கடலூரில் எத்தனை பேர் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குத் தெரியும். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த துண்டுத்தாள் வெளியே வரும். "சார், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, பாருங்க." வாங்கிப் பார்த்தால், 'உச்ச நீதிமன்றம் அண்மையில் அளித்த தீர்ப்பின்படி' என்று இருக்கும். யாருக்கும் யாருக்கும் நடந்த வழக்கு, எந்தத் தேதி, என்ன எண், ஒன்றும் இருக்காது.

இது சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் அடிக்கடி வருவது அதுதான். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015-இல் பிரகாஷ் எதிர் பூலவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் தானம்மா வழக்கில் வேறு மாதிரிப் போனது. அப்புறம் 11.8.2020 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை என்று முடித்து வைத்தார்கள். பூலவதி தீர்ப்பு தவறு என்றும் சொல்லிவிட்டார்கள். மூன்றுமே உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான். 2016-இல் கத்தரித்த துண்டை இன்றைக்கு எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் எதை வைத்து விளக்குவது? தாளில் பத்திரிகைத் தேதிகூட இருக்காது, அது கத்தரியில் போயிருக்கும்.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாடு 1989-லேயே தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்து, 25.3.1989 அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. அது தமிழ்நாட்டுச் சட்டம், புதுச்சேரி எல்லைக்குள் செல்லாது. கடலூரிலிருந்து பத்து நிமிடம் பஸ்ஸில் போனால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரே குடும்பத்துக்கு இந்தப் பக்கம் நிலமும் பாகூர் பக்கம் நிலமுமாக இருப்பது இங்கே சர்வசாதாரணம். மேல்முறையீடு என்று வந்தால் இரண்டு ஊரும் போவது சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். ஆகவே 'உயர் நீதிமன்றம் தீர்ப்பு' என்று மட்டும் போட்டால், அந்த வழக்கு எந்த ஊர்ச் சொத்தைப் பற்றியது, எந்தத் திருத்தத்தை வைத்துச் சொன்னது என்று தெரியாமல் இரண்டு பக்கத்து ஆட்களும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

சைடேஷன், அதாவது ஒரு தீர்ப்பு எந்தத் தொகுப்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு என்றாலே அது வக்கீல்களின் பரிபாஷை என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் நினைக்கலாம். அப்படியொன்றும் இல்லை. (2020) 9 எஸ்சிசி 1 என்றால், சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற தொகுப்பில் 2020-ஆம் ஆண்டின் 9-ஆவது தொகுதி, 1-ஆம் பக்கத்தில் தீர்ப்பு தொடங்குகிறது என்று பொருள். கடைசி எண்ணைப் பத்தி எண் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு, அது பக்கம். அதே தீர்ப்பு ஏஐஆர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) என்ற இன்னொரு தொகுப்பில் வேறு பக்கத்தில் இருக்கும். தொகுப்புக்குத் தொகுப்பு பக்கம் மாறும் என்பதால்தான், தீர்ப்பின் ஒரு வரியை எடுத்துச் சொல்லும்போது பத்தி எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே தடித்த எழுத்தில் இருக்கும் தலைக்குறிப்பிலிருந்து எடுக்கவே கூடாது. அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல.

விலை கொடுத்து வாங்கும் தொகுப்புகளை வைத்துக்கொண்டு சாதாரண வாசகர் என்ன செய்வார் என்று கேட்டால், அதற்கும் வழி வந்துவிட்டது. 2023-இலிருந்து உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் தானே ஒரு பொது எண் கொடுக்கிறது. தேர்தல் பத்திர வழக்கு 2024 ஐஎன்எஸ்சி 113. ஆண்டு, நீதிமன்றத்தின் குறி, வரிசை எண், அவ்வளவுதான். பழைய தீர்ப்புகளுக்கும் இந்த எண் போட்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தின் இணையதளத்தில் காசு கொடுக்காமல் தேடி எடுக்கலாம். உங்கள் நிருபர் கையில் இருக்கும் தீர்ப்பு நகலின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும்.

கீழமை நீதிமன்ற வழக்கென்றால் கதை வேறு. 'அசல் வழக்கு எண் 214/2015' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்து நகல் மனு போடச் சொன்னால் நான் எங்கே போய்ப் போடுவது? முதன்மை மாவட்ட முன்சீப், கூடுதல் முன்சீப், சார்பு நீதிமன்றம் எல்லாவற்றிலும் ஒரு 214/2015 இருக்கலாம். சிதம்பரத்தில் ஒன்று, விருத்தாசலத்தில் ஒன்று. நீதிமன்றத்தின் பெயரும் சேர்ந்தால்தான் அது வழக்கு எண். இல்லையென்றால் வழக்கு பதிவாகும்போது கணினியில் கொடுக்கப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணாவது வேண்டும், அது ஒரு வழக்குக்கு ஒன்றுதான்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. வாடகை வழக்குக்காரர் ஒருவர் செல்போனில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு, ஒரு தீர்ப்புப் பட்டியலை அழகாக அச்சடித்துக் கொண்டுவந்தார். பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. தொகுதியை எடுத்துப் பிரித்தால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு சுங்க வரி வழக்கின் நடுவில் இருக்கிறது! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நியூயார்க்கில் 2023-இல் வழக்கறிஞர்களே இப்படி இல்லாத வழக்குகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. பெங்களூரில் வருமான வரித் தீர்ப்பாயம் ஒன்று, 2024 டிசம்பரில் தான் போட்ட உத்தரவில், எங்குமே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்ததால் அதைத் திரும்பப் பெற்றது. பத்திரிகையில் சரியான எண் வந்தால், இந்த மாதிரிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஜனங்களுக்கு ஒன்று கையில் இருக்கும்.

பிரிவு எண்ணிலும் கவனம் தேவை. 1.7.2024 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. அதற்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. உங்கள் செய்தியில் வெறுமனே 'பிரிவு 482-இன் கீழ் மனு' என்று வந்தால், படிக்கிறவர் எதை நினைத்துக்கொள்வார்? சட்டத்தின் பெயரைச் சேர்க்க இரண்டு வார்த்தை போதும்.

விசாரணையின்போது நீதிபதி வாய்விட்டுச் சொன்னது, இடைக்கால உத்தரவு, இறுதித் தீர்ப்பு மூன்றுக்கும் உங்கள் தலைப்பில் 'தீர்ப்பு' என்றே வருகிறது. முதலாவதை எந்த நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்ட முடியாது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. நீதிமன்றச் செய்தியின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: நீதிமன்றம், கட்சிக்காரர்கள் பெயர், வழக்கு எண் அல்லது பொது எண், தேதி. பாலியல் குற்ற வழக்குகளிலும் போக்சோ வழக்குகளிலும் மட்டும் பாதிக்கப்பட்டவரைக் காட்டிக்கொடுக்கும் எதையும் போடக் கூடாது, அது சட்டப்படி குற்றம். அங்கே நீதிமன்றமும் தேதியும் போதும். கேள்வி பதில் பகுதியில் பதில் எழுதும் வழக்கறிஞரிடமே இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிவிடலாம். அவர் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார் என்றால் அது அவர் மேசையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.