எலிக்குக் கொடுத்தது டெஸ்டோஸ்டிரோன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘ஆண்களின் முதுமையைத் தள்ளிப்போடும் ஹார்மோன்’ என்ற ஞாயிறு கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கேட்டு மருந்துக்கடைக்கு வருகிறார்கள். கட்டுரையில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது.

கட்டுரை சொல்லும் அமெரிக்க ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்தது 17-ஆல்பா எஸ்ட்ராடியோல். பெண்ணுடலில் வேலை செய்யும் 17-பீட்டா எஸ்ட்ராடியோலுக்கு நெருங்கிய உறவு, ஆனால் வீரியம் மிகக் குறைவு. 10 மாத வயதிலிருந்து கிலோ தீவனத்துக்கு 14.4 மில்லிகிராம் கலந்தபோது ஆண் எலிகளின் இடைநிலை ஆயுள் (பாதி எலிகள் இறந்துவிடும் வயது) 19 விழுக்காடு கூடியது. பெண் எலிகளுக்குக் கூடவில்லை. ஆண் எலிகள் தீனியைக் குறைத்தன. கொழுப்பு இறங்கியது, சர்க்கரையும் கட்டுப்பட்டது. விதை நீக்கிய ஆண் எலிகளிலோ அந்தச் சர்க்கரைப் பலன் கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு மனிதனுக்கு அளவு சொல்ல யாராலும் முடியாது.

தோட்டப்புறத்து ஆண்களில் பலருக்குச் சிக்கல் தொப்பையில்தான். கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடியோலாக மாற்றுகிறது. இனிப்புநீர் நோயும் சேர்ந்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவு இன்னும் இறங்கும். எடை குறைந்தால் பெரும்பாலும் தானே ஏறும். வெளியிலிருந்து ஊசியோ ஜெல்லோ போட்டால் மூளை விதைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு குறையும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தமும் தடிக்கும்: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும்.

சோர்வு என்றால் முதலில் டெஸ்டோஸ்டிரோன் சோதனை. காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை இரத்தம் கொடுக்க வேண்டும். தே தாரேக் (இனிப்புப் பால் தேநீர்) குடித்துவிட்டுப் போனால் கணக்கு தப்பும்; சர்க்கரை உள்ளே போனதுமே அளவு இறங்கிவிடும். எண்ணெய்ப்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு கொடுப்பதும் வேண்டாம், ஓரிரு நாள் ஒழுங்காகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆண்மைக்கென்று விற்கும், தொங்காட் அலி என்ற மூலிகை வேர் கலந்த கோப்பிப் பாக்கெட் வேறு கதை. குடித்த அன்றே ‘வேலை செய்கிறது’ என்றால் அது வேரின் வேலைதானா என்று சந்தேகம் வர வேண்டும். ஆண்மைக்குறைவுக்கு மருத்துவர் தரும் சில்டெனாஃபில், தடாலாஃபில் மருந்துகள் கலந்த கோப்பிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரை, கேப்சூல் என்றால் மலேசிய மருந்துப் பதிவெண்ணான ‘மால்’ (MAL) எண் இருக்கிறதா என்றாவது பார்க்கலாம். உணவுப்பொருளாக விற்கும் கோப்பியில் அந்த எண்ணே இருக்காது. அப்படிப்பட்ட கோப்பியின் விளம்பரம் அதே ஞாயிறு கட்டுரைக்குக் கீழேயே வந்திருந்தது. ஆசிரியர் குழு கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்,
சுங்கை சிப்புட்