தாள் கொடுக்காமல் கதை சொல்லும் நாயனம்

திருவாரூர்

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அந்த ஊர் இசைக் கல்லூரியில் இருபது நிமிஷம் நாயனம் வாசிக்கச் சொல்கிறார்கள், பாட்டே இல்லாமல் காட்சி சொல்லும் இசை என்பதுதான் தலைப்பு, எதை வாசிக்கலாம் என்று கேட்டிருந்தாய். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை விட்டு வேறு எங்கும் போகாதே. கீர்த்தனை வாசித்தால், சாகித்தியம், அதாவது பாட்டு வரி, உள்ள பாட்டை சாகித்தியம் இல்லாமல் வாசித்தது ஆகும். மல்லாரிக்கு முதலிலிருந்தே சாகித்தியம் கிடையாது. நாயனத்துக்கும் தவிலுக்கும் என்றே ஏற்பட்டது அது.

நீ அனுப்பிய பதிவுகளைக் கேட்டேன். பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் ஓடைக்கரைப் பகுதி முடிகிற இடத்தில் மூன்று பறவை கூப்பிடுகிறதே, புல்லாங்குழலில் நைட்டிங்கேல், ஓபோவில் காடை, இரண்டு கிளாரினெட்டில் குக்கூ, அது அழகு. பறவைப் பெயரை அவரே சுரத்தாளில் எழுதியிருக்கிறார். ஆனாலும் 1808-ல் அரங்கேறியபோது, இது படம் வரைவதைவிட உணர்ச்சியைச் சொல்வதுதான் என்று குறிப்பும் கொடுத்தார். விவரமான மனுஷன். சான்-சான்ஸின் எலும்புக்கூடு நடனத்தில் ஹார்ப் பன்னிரண்டு தடவை தட்டி நள்ளிரவு என்கிறது. வயலினின் மேல் தந்தியை அரை சுரம் இறக்கிக் கட்டி அந்தக் கோணல் சத்தத்தை எடுக்கிறார். கடைசியில் ஓபோ சேவலாகக் கூவுகிறது. ஓபோவும் இரட்டை நாக்குச் சீவாளிதான், நம் பங்காளி. அந்தப் பிள்ளைகளிடம் இதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

பெர்லியோஸ் 1830-ல் தன் ஃபான்டாஸ்டிக் சிம்பொனிக்குக் கதையையே அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார். காதலியைக் கொன்று மரண தண்டனை பெற்றதாகக் கனவு காண்கிறவன் கதை. நாலாவது பகுதியின் முடிவில் கிளாரினெட் காதலியின் மெட்டை எடுக்கிறது, பாதியில் மொத்த வாத்தியமும் ஓங்கி ஒரு அடி, மெட்டு அறுந்து போகிறது. தாளைப் படித்தவனுக்கு அது அவன் தலை விழுந்த சத்தம். படிக்காதவனுக்கு வெறும் பெரிய சத்தம்.

நம் ஊரில் தாள் கொடுப்பதில்லை. சாமிக்கு என்ன நடக்கிறதோ அதுதான் தாள். அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குப் போகும்போது தேர் மல்லாரி. இரண்டு தெரு தள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் கோவிலில் எது நடக்கிறது என்று காதாலேயே தெரியும். இதை அங்கே சரியாகச் சொல். தீர்த்த மல்லாரியில் தண்ணீர் சலசலப்பைத் தேடினால் இருக்காது. ஓசையைப் போலி செய்கிற வேலை அதற்கு இல்லை. அதில் இருப்பது நடை. சீர்பாதம் தாங்குகிறவர்கள் சாமியைத் தோளில் எடுத்து, ஆடி, மெல்ல வைக்கிற அடி.

அந்த நடை கெடாமல் இருப்பது முதல் காலத்தின், அதாவது தொடங்குகிற மெதுவான வேகத்தின், கையில் இருக்கிறது. ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரச் சுற்று நாலு, வருகிற மல்லாரியை எடுத்துக்கொள். முதல் காலத்தில் நாலு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் ஒன்று. திஸ்ரத்தில் இரண்டு இருந்த இடத்தில் மூன்று வருவதால், ஒரு தடவை வாசித்தால் இரண்டு ஆவர்த்தனம் போய் ஐந்து அட்சரமும் சொச்சமும் மிஞ்சும், சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், வந்து நிற்காது. மூன்று தடவை வாசித்தால் எட்டு ஆவர்த்தனம், கச்சிதமாகச் சமத்துக்கு வந்துவிடும். ஒரே தடவையில் முடிக்கிற அவசரத்தில் தாளத்தைப் பிடித்து இழுக்கிறவர்கள் உண்டு. அங்கேதான் தவிலும் நாயனமும் முகம் பார்த்துக்கொள்ளும்.

காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், முடிவு செய்ய முதலில் மூன்றாம் காலத்தை வாசித்துப் பார். நாக்கால் தட்டுகிற துத்துக்காரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிற வேகம் எதுவோ, அதில் நாலில் ஒரு பங்குதான் உன் முதல் காலம். மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும், இருக்கட்டும். தாளம் போடுகிறவரை முன்னால் நிறுத்து. வாசிப்பு நாலு மடங்கு வேகமாகியும் அவர் கை அதே நிதானத்தில் விழுவதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மல்லாரியின் ராகமான கம்பீர நாட்டையில் ச, க, ம, ப, நி மட்டும்தான். ரிஷபமும் தைவதமும் கிடையாது. சட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், உதடு கொஞ்சம் தளர்ந்ததும் நடுவில் ரிஷபம் எட்டிப் பார்த்துவிடும், உடனே நாட்டை என்கிற வேறு ராகத்தின் வாசனை அடிக்கும். விரலைச் சுத்தமாக எடு, காற்றை நிறுத்தாதே.

நாற்காலியில் உட்கார்ந்து தொடங்காதே. முதலில் தவில் தனியாக இரண்டு நிமிஷம் அலாரிப்பு வாசிக்கட்டும். அரங்கத்தின் பின்வாசலில் நின்றபடியே இரண்டு நிமிஷம் ராகம். பிறகு மல்லாரி எட்டு நிமிஷம், நடந்துகொண்டே மேடைக்கு வாருங்கள். மேடை ஏறியதும் சாமி கோபுரவாசல் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டு காம்போதி ஐந்து நிமிஷம். கோவிலுக்குக் கோவில் முறை மாறும், அதையும் சொல்லிவிடு. கடைசி மூன்று நிமிஷம் உட்கார்ந்து நீலாம்பரி, பள்ளியறைக்கு. அதற்குத் தவில் வேண்டாம்.

மைக் வைக்கிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். தெருவுக்கு என்று செய்த வாத்தியம், மூடிய அறையில் முதல் வரிசை காதைப் பொத்திக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வரிசையைக் காலியாக விடச் சொல். நீளமான பாரி நாயனத்தையே எடுத்துப் போ, குட்டையான திமிரி அந்த அறைக்கு ரொம்பக் கூர்மை. சுருதி கேட்டால் இரண்டு கட்டை என்று சொல்லாதே, டி என்று சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும்.

குளிர்தான் உனக்குப் பெரிய வில்லன். வெளியிலிருந்து கொண்டுவந்த நாயனம் சுருதி இறங்கிப் பேசும். ஊத ஊதச் சூடேறி மேலே போகும், சுருதிப்பெட்டி அங்கேயே நிற்கும். அதனால் கால் மணி நேரம் உள்ளே ஊதிப் பார்த்த பிறகே சுருதி சேர். அதற்கு முன் சீவாளியை அதைச் செருகுகிற கெண்டைக் குழலில் அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றினால், பாதி மல்லாரியில் நீ மேலே போயிருப்பாய். ஹீட்டர் காற்று நாணலை உலர்த்திவிடும். உலர்ந்த சீவாளியை நனைக்காமல் வாயில் வைத்து அழுத்தினால் ஓரம் கீறிவிடும். நனைத்தது இரண்டு, கொத்தில் தயாராகத் தொங்கட்டும்.

சீவாளி எட்டு அனுப்புகிறேன். சிவப்பு நூல் கட்டிய நாலும் ஊதிப் பழகியவை. மற்ற நாலும் புதுசு, தினம் பத்து நிமிஷம் ஊதிப் பழக்கு, அன்றைக்கு மேடையில் எடுக்காதே. அம்மா அதே பெட்டியில் பூண்டு ஊறுகாய் வைக்கிறேன் என்று நிற்கிறாள். எண்ணெய் பட்டால் சீவாளி பேசாது, தனிப் பெட்டி போடு என்று சொல்லியிருக்கிறேன். எதற்கும் வந்ததும் முகர்ந்து பார்.

அப்பா