இரண்டாம் இடம் கேட்கவாவது வாருங்கள்: மலேசிய ஆளுங்கூட்டணித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒரே கடைத்தெரு, முனையில் மாரியம்மன் கோயில். பொதுத் தேர்தல் வந்தால் அந்தக் கோயில் வாசலில்தான் மாலை வாங்கிக்கொள்கிறீர்கள்.

கோயிலைத் தாண்டிப் பழைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் பாதையில் 17ஆம் எண் கம்பத்து விளக்கு தீபாவளிக்கு முன்பே அணைந்துவிட்டது. காலை ஆறு மணிக்குப் பள்ளி பஸ் அங்கேதான் நிற்கும். என் பேத்தி ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மறு கையில் என் கைப்பேசியுமாக நிற்கிறாள். அந்த வெளிச்சத்தை ஆட்டினால்தான் அங்கே பிள்ளை நிற்பது டிரைவருக்குத் தெரிகிறது. போன மாதம் பேட்டரி இறங்கிவிட்டது. பஸ் நிற்காமலே போய்விட்டது.

மனு கொடுத்தோம். எங்கள் கவுன்சிலரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆளுங்கட்சிகள் தங்களுக்குள் கோட்டா பிரித்து நியமிக்கின்றன. மனுவை வாங்கிய கவுன்சிலரின் தவணை முடிந்துவிட்டது. அந்த இடம் இன்னொரு கட்சியின் கோட்டாவுக்குப் போய்விட்டதாம். புதியவர் வேறு ஊர்க்காரர். "பழைய ஃபைல் என்னிடம் இல்லை, புதிதாக எழுதிக் கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். அப்புறம் அதுவும் காணாமல் போய், மூன்றாவது மனுவும் கொடுத்தாயிற்று. சுக்காய் பிந்து என்கிற வீட்டு வரி பில் மட்டும் எந்தக் கோட்டாவையும் பார்க்காமல் ஆண்டுக்கு இரண்டு முறை சரியாக வருகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கவுன்சிலரை நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் ஓட்டுச் சீட்டில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட்டு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசி ஆள் வெளியே. அவருக்கு விழுந்த சீட்டுகள் அடுத்த எண்ணுக்காரருக்குப் போகும்.

மாநிலத்தால் முடியாது என்பீர்கள். தெரியும். 1965இல் நிறுத்தி வைத்த உள்ளாட்சித் தேர்தலை 1976 சட்டம் ஒரேயடியாக மூடிவிட்டது. பினாங்கு மாநிலம் தானே தேர்தல் நடத்த முயன்று பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் சட்டத்தைத் திருத்தும் நாடாளுமன்றத்திலும் உங்கள் கட்சிக்காரர்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? தேர்தல் வேண்டும் என்று சொன்ன அரச ஆணையத்துக்கு செனட்டர் ஆதி நாகப்பன்தான் தலைவர். நம்மவர் என்று பெருமைப்பட்டதோடு சரி.

கட்சிகள் இதிலும் கணக்குப் போடும் என்பீர்கள். போடட்டும். 2021இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளர் தேர்வில் ஆண்ட்ரூ யாங், போட்டியாளரான கேத்ரின் கார்சியாவோடு சேர்ந்து தெருவில் இறங்கி, "எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு" என்று கேட்டார். கார்சியா பதிலுக்கு அப்படிக் கேட்கவில்லை, கெட்டிக்காரர். யாங் வெளியேறியதும் சீட்டுகள் கைமாற, கார்சியா இரண்டாம் இடத்துக்கு ஏறி, எரிக் ஆடம்ஸிடம் 7,197 வாக்கில் தோற்றார். 2025இல் ஜோஹ்ரான் மம்தானியும் பிராட் லேண்டரும் ஒருவருக்கொருவர் இரண்டாம் எண் கேட்டார்கள், மம்தானி ஜெயித்தார்.

எங்களுக்குப் பிடித்ததே இந்தக் கணக்குதான். எங்கள் ஊரில் எந்த இனத்துக்கும் பாதி இல்லை. புதுக்கிராமத்துச் சீன வேட்பாளரும் மலாய்க் கிராமத்து வேட்பாளரும் இரண்டாம் எண் கேட்டு எங்கள் லயத்துக்கு வர வேண்டியிருக்கும். எங்கள் ஆளும் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும். நம்மவர் மூன்று பேர் மூன்று கட்சியில் நின்றாலும் ஓட்டு சிதறி வீணாகாது. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் இனம் பிரிந்துவிடும் என்று மேடையில் பயமுறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வரிசை போடுவது உங்களுக்கு மட்டும் புதிதா? எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்தக் கிளைத் தலைவரின் கோபத்துக்கு எந்த ஊர் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று போட்டுத்தானே பிரிக்கிறீர்கள்? தோட்டக் காலத்துக் கங்காணியே தேவலாம் போலிருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தினமும் முகத்தையாவது காட்டுவார்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள், வரிசை எண்ணோடு. சட்டம் திருந்தும் வரை அந்த 17ஆம் எண் கம்பத்துக்கு ஒரு பல்பு. எந்தக் கட்சியின் கோட்டாவில் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
பழைய லயத்துத் தாத்தா ஒருவர்