பார்வையாளர் பட்டியலில் அம்மா

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அடுத்த பெருந்தொற்றுக்கான நடைமுறைகளை எழுதிக்கொண்டிருக்கும் தொற்றுத் தடுப்புக் குழுவினருக்கும்,

வணக்கம். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 2020இல் கொரோனா பரவியபோது எங்கள் பிரிவின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.' மூன்றே சொற்கள். ஒட்டியவள் நான்தான். முப்பதாவது வாரத்தில் பிறந்துவிட்ட ஒரு பெண்குழந்தையின் தாய் அதைப் படித்துவிட்டு, "நான் பார்வையாளர் இல்லையே சிஸ்டர்?" என்று கேட்டார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. பால் எடுத்துத் தரச் சொல்லி ஒரு சிறிய புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

தினமும் புட்டி வந்தது. மேலே அவர் கையெழுத்தில் பெயர், தேதி, நேரம். முதல் வாரம் பாதிக்கு மேல் இருந்த பால் பிறகு கால் புட்டியானது. பதினோராம் நாள் அடியை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தது. குழந்தையின் முகத்தையே பார்க்காமல், இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாளுக்குத்தான் பால் சுரக்கும்? அன்றும் நேரத்தைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

தொடக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொற்றுள்ள தாயையும் சேயையும் 14 நாள் பிரித்து வைக்கும்படி சீன வல்லுநர்கள் முதலில் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் 2020 ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம் என்றது, ஜூலையில் அதை மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமோ தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தாயையும் சேயையும் சேர்த்தே வையுங்கள் என்று முதலிலிருந்தே சொல்லிவந்தது. அந்த ஜூலைக்குள் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வும் வந்துவிட்டது. தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த 120 குழந்தைகளில் பெரும்பாலோரைத் தாயின் அறையிலேயே மூடிய இன்குபேட்டரில் வைத்து, முகக்கவசம் அணிந்து கைகழுவிய பின் பாலூட்ட விட்டார்கள். 24 மணி நேரத்தில் எடுத்த பரிசோதனையில் ஒரு குழந்தைக்கும் தொற்று இல்லை. அறிவு மாறிவிட்டது, எங்கள் கதவில் இருந்த தாள் மாறவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

எங்கள் கதவு மட்டும் அப்படி இருக்கவில்லை. 62 நாடுகளின் மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர், தொற்றுள்ள அல்லது தொற்றுச் சந்தேகமுள்ள தாயைக் குழந்தையை மார்போடு அணைக்க வழக்கமாக அனுமதிப்பதில்லை என்றார்கள். இப்படித் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு முறை, எடை குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் 1,25,000க்கும் மேற்பட்ட பச்சிளம் உயிர்களைக் காக்கலாம், கொரோனாவால் அவர்களில் இறக்கக்கூடியவர்கள் 2,000க்கும் குறைவு என்று 2021இல் ஒரு கணக்கீடு வெளியானது. அதே ஆண்டு ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வொன்று, 1.8 கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் போட்டால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது. பற்றாக்குறைக் காலத்தில் கைகொடுத்ததை நெருக்கடிக் காலத்தில் முதல் ஆளாக நாம் கைவிட்டோம்.

அப்படியானால் யாரையும் பரிசோதிக்காமல் உள்ளே விடச் சொல்கிறேனா? இல்லை, நன்றாகப் பரிசோதியுங்கள். நெற்றியில் வெப்பமானியை நீட்டிவிட்டு அதைப் பரிசோதனை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020 வசந்தத்தில் நியூயார்க்கில் பிரசவத்துக்கு வந்த 215 பெண்களில் 33 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 29 பேருக்கு ஓர் அறிகுறியும் இல்லை. அதே வெப்பமானியைத் தாண்டித்தான் நாங்களும் உள்ளே போனோம். குழந்தையின் அருகே முகக்கவசத்தைக் கழற்றாத நாங்கள், ஓய்வறையில் எதிரெதிரே உட்கார்ந்து கழற்றினோம். வாரம் ஒருமுறை தாய்க்கு ஒரு சோதனை, எனக்கு ஒரு சோதனை. அதே விதி இருவருக்கும் பொருந்தட்டும்.

குழந்தையிடம் மாதிரி எடுப்பதைப் பற்றி, எடுப்பவள் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு கிலோ குழந்தையின் நாசித் துவாரத்தில் அந்தக் குச்சி நுழைவதே சிரமம். மூச்சுக்கு உதவ அழுத்தக் காற்றைச் செலுத்தும் சிபாப் குழாய் மூக்கில் இருந்தால் அதைக் கழற்ற வேண்டும். கழற்றிய கணமே நுரையீரலைத் திறந்து வைத்திருந்த அழுத்தம் போய்விடும். ஆக்சிஜன் அளவு 94இலிருந்து எழுபதுகளுக்குச் சரியும், இதயத்துடிப்பும் கூடவே இறங்கும், குழந்தை நீலம் பாரிக்கும். மீண்டு வருவதற்குள் நம் மூச்சு நின்றுவிடும். எனவே தேவை இருக்கும்போது மட்டும் எடுங்கள். தாய்க்குத் தொற்று என்றால் 24 மணி நேரத்தில் ஒன்று, 48இல் ஒன்று போதும். பிறந்த கையோடு எடுத்தால், உடலில் ஒட்டியிருக்கும் தாயின் இரத்தமும் நீரும் முடிவைக் குழப்பிவிடலாம்.

தொற்று உறுதியானாலும் கவனம் சிதறக் கூடாது. மூச்சு நின்று நின்று வருவது, உடல் சூடு நிலைகொள்ளாதது, பால் ஏற்காதது எல்லாம் இரத்தத்தில் பாக்டீரியா பரவினாலும் இப்படியே தெரியும். 'வைரஸ்தான்' என்று முடிவுகட்டி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் குழந்தை கைவிட்டுப் போகும். தனிமை அறையின் ஆபத்தும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது. பாதுகாப்பு உடை அணியவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், உள்ளே போகும் தடவைகள் தானாகவே குறைந்துவிடும். அலாரம் அடிக்கும்போது நான் இன்னும் கவுனின் நாடாவை முடிந்துகொண்டிருந்த இரவுகள் உண்டு. அந்த அறைகளுக்குத் தனியாக ஒரு செவிலியரை ஒதுக்குங்கள்.

வைரஸைத் தேடிய பரபரப்பில் மற்ற பரிசோதனைகள் நழுவின. குறைமாதக் குழந்தையின் விழித்திரையை ஏறக்குறைய நான்காவது வாரத்தில் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 'வெளியாட்கள்' பட்டியலில் அவரும் இருந்ததால் எங்கள் பிரிவில் அது தள்ளிப்போனது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயில் சில நாள் தாமதமே பார்வையைப் பறிக்கக் கூடும். செவித்திறன் சோதனையும், தைராய்டு குறைபாட்டுக்காகக் குதிகாலில் எடுக்கும் சொட்டு இரத்தமும் அந்தப் பட்டியலிலேயே மாட்டிக்கொண்டன. (பட்டியலைத் தயாரித்தவர்கள் எங்கள் பிரிவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பது என் ஊகம்.)

உங்கள் வரைவில் 'பார்வையாளர்கள்' என்றொரு பகுதி இருக்கும். அதைத் திறந்து தாயின் பெயரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். 'சிகிச்சைக் குழு' என்ற தலைப்பின் கீழ், மருத்துவருக்கும் செவிலியருக்கும் அடுத்து எழுதுங்கள். தாய் தொற்றோடு படுத்திருந்தால் அவர் நியமிக்கும் ஒருவரின் பெயர் அங்கே வரட்டும். முகக்கவசமும் கவுனும் வாங்கும்போது எங்கள் எண்ணிக்கையோடு அவர்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அந்தப் பெண்குழந்தை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாளில்தான் தாய் அவளை முதன்முறையாகத் தூக்கினார். தலையை எந்தக் கையில் தாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

இப்படிக்கு,
அந்தத் தாளை ஒட்டிய செவிலியர்