அப்பாவுக்கு ஐபேட் வேண்டாம்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஆபரேஷன் ஆன இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து நிறுத்தியாகிவிட்டது. வலது கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ, உமா, குட்டி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் “நல்லா இருக்கோம்மா” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பத்திரிகை படிக்க ஐபேட் ஆர்டர் போடப்போகிறேன் என்றாயே, போடாதே. 34,900 ரூபாய் என்று விலை போட்டிருப்பதை நானும் பார்த்தேன். நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. அதன் திரை வடிவம்கூடப் பத்திரிகைப் பக்கத்துக்குப் பொருந்தும். ஆனால் அப்பா படிக்க மட்டும்தான் போகிறார். படம் வரையப்போவதில்லை, வீடியோ எடிட் செய்யப்போவதில்லை. படிப்பதற்கு அதில் பாதி விலைகூட வேண்டாம். இதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை, கடைக்குப் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்பா நிலைமை உனக்குத் தெரியும். முழங்கால் வலி வந்தபிறகு லைப்ரரி வரை நடக்க முடியவில்லை. பேப்பர் ஏஜென்ட் செய்தித்தாள் மட்டும் போடுகிறார். வாரப் பத்திரிகை கேட்டால், “உங்க ஒரு வீட்டுக்காக எடுக்க முடியலக்கா” என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. 1941இல் தொடங்கிய கல்கியே 2020 ஊரடங்கில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டதே. என் போனில் ஒரு வார இதழின் பிடிஎஃப்பைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்குகிறார், வரியின் கடைசிவரை இழுக்கிறார், திரும்பி வருவதற்குள் அடுத்த வரி எது என்று தொலைந்துபோகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. பிறகு போனை என்னிடமே நீட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர் டிவி பார்க்கிற மனிதரா, நீயே சொல்.

அதனால் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கையோடு ஒரு மாத இதழையும் உன் பழைய ஸ்கேலையும் எடுத்துப்போனேன். கடைப் பையன் கேமராவைப் பற்றியும் விளையாட்டுகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு எழுத்தைக் காட்டுப்பா என்றேன். நல்ல பையன், நான் கேட்ட பக்கத்தையே எல்லாவற்றிலும் திறந்து காட்டினான்.

முதலில், மூலைக்கு மூலை 8.7 அங்குலத் திரை உள்ள டேப்லெட்டைப் பார்த்தேன். சாம்சங் ஏ9. 332 கிராம்தான், ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம். விலையும் குறைவு. ஆனால் நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் பதினொரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். நான் கொண்டுபோன இதழ் கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவு, அகலம் 21 சென்டிமீட்டர். பக்கம் முழுவதையும் காட்டினால் எழுத்து ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தத் திரையில் எழுத்தை உருவாக்குகிற ஒளிப்புள்ளிகளும் குறைவு, 1340க்கு 800. ‘ன்’ மேலே இருக்கிற புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, மெய்யா உயிர்மெய்யா என்று தேட வேண்டியிருந்தது. ‘ணை’ கறுப்பாக ஒரே திட்டாகத் தெரிந்தது. இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவர்கள் இதில் சமாளித்துவிடுவார்கள். தமிழுக்கு, அதுவும் ஆபரேஷன் ஆன கண்ணுக்கு, இது சரிப்படாது.

அப்புறம் 11 அங்குலம். ரெட்மி பேட் 2 என்று 2025இல் வந்தது. 2560க்கு 1600 புள்ளிகள். வந்தபோது 13,999 ரூபாயிலிருந்து விலை வைத்தார்கள். நிமிர்த்திப் பிடித்தால் அகலம் பதினைந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எழுத்து அச்சில் இருப்பதில் முக்கால் பங்குகூட வராது. ஆனால் படுக்கவைத்தால்? 23.7 சென்டிமீட்டர்! இதழின் அகலத்தைவிடத் திரை அகலம். எழுத்து அச்சில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரிகிறது. பாதிப் பக்கம்தான் ஒரு சமயத்தில் வரும், மேலே தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ஆனால் பக்கவாட்டில் இழுக்கிற வேலையே இல்லை. அப்பா தொலைந்துபோகிற இடமே அந்தப் பக்கவாட்டு இழுப்பில்தான். இதழைத் திரைமேலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இதுதான் நமக்கு.

ஒன்பிளஸ் பேட் கோவும் பார்த்தேன். 11.35 அங்குலம், திரை 7க்கு 5 என்ற விகிதம். மற்றவை ஏறக்குறைய 16க்கு 10, அதாவது ஒல்லியாக நீண்டவை. ஏ4 தாளும் கிட்டத்தட்ட 7க்கு 5தான். அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழாமல் பக்கம் அப்படியே பொருந்துகிறது. பார்க்கவே அழகாக இருந்தது. நல்ல கண் உள்ளவர்கள், முழுப் பக்கத்தையும் வடிவமைப்போடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அதை வாங்கலாம். 2023இல் வந்தபோது 19,999. ஆனால் அப்பா படுக்கவைத்துத்தான் படிக்கப்போகிறார், அப்படிப் படிக்கும்போது அந்த வடிவத்தால் லாபம் இல்லை. ஆறாயிரம் ரூபாய் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? இந்த நேரத்தில் ஆறாயிரம் ஆறாயிரம்தான்.

கிண்டில் என்கிற மின்புத்தகக் கருவியை வாங்கலாமே என்று உமா சொன்னாள். அவளிடம் சொல், நாவல் படிக்க அதைவிட நல்லது கிடையாது, கண்ணுக்கு இதம். 2016இலேயே அதில் தமிழ்ப் புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் பத்திரிகைப் பக்கத்துக்கு 7 அங்குலம் போதாது, பெரும்பாலான மாடல்களில் படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. கிண்டிலில் இருந்த பத்திரிகைச் சந்தாவையும் 2023இல் நிறுத்திவிட்டார்கள்.

பேர் தெரியாத கம்பெனி டேப்லெட் ஐயாயிரம் ஆறாயிரத்துக்கு விற்கிறது. அதுவும் வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டைப் போட்டு விற்பார்கள், கொஞ்ச நாளில் ஆப் எதுவும் ஏறாது. 10 அங்குலத் திரை என்று சொல்லிவிட்டு 1280க்கு 800 புள்ளிதான் இருக்கும். பெரிய திரையில் அதே சில புள்ளிகளை இழுத்துப் போட்டால் எழுத்து பிசிறடிக்கும். மலிவாக வாங்க வேண்டும், ஆனால் மட்டமாக வாங்கக் கூடாது. ஐபேடும் வேண்டாம், அதுவும் வேண்டாம்.

சிம் போடுகிற மாடல் தேவையில்லை, வீட்டில் வைஃபை இருக்கிறது. சேமிக்கிற இடம் 128 ஜிபி இருக்கட்டும். பிடிஎஃப் இதழ்கள் இடத்தை அடைக்கும், அப்பா எதையும் அழிக்கவும் விடமாட்டார். கேமரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எடை அரைக் கிலோ வரும், கையில் பிடித்துப் படிக்க முடியாது, நிறுத்திவைக்கிற மாதிரி கவர் ஒன்று வேண்டும்.

படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதே, ஒரு ஆயுளுக்கு இருக்கிறது. விகடனுக்குத் தனி ஆப் இருக்கிறது. 2011இல் தொடங்கிய மேக்ஸ்டர் என்கிற ஆப்பில் ஒரே சந்தாவில் பல இதழ்கள் படிக்கலாம், தமிழும் கிடைக்கிறது. சில இதழ்களில் பக்கத்தை அப்படியே காட்டாமல் கட்டுரையின் எழுத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிற வசதி உண்டு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், வரி தானாக மடங்கிக்கொள்ளும். அது மட்டும் படிப்பதாக இருந்தால் 8.7 அங்குலமே போதும். ஆனால் அப்பாவுக்குப் பழைய இதழ்கள் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ‘நூலகம்’ என்கிற இணையதளத்தில் இலங்கை இதழ்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் இலவசம். ஸ்கேன் பக்கம் என்பது படம், அதில் வரி மடங்காது. பெரிய திரை கேட்பது அதற்காகத்தான்.

கண்ணா, நீ ஆசையாகச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? முதல் சம்பளத்தில் அப்பாவுக்குக் கைக்கடிகாரம் வாங்கிவந்த பிள்ளை நீ. இன்றைக்கும் அதைத்தான் கட்டுகிறார். தெருவில் யார் கேட்டாலும் “மகன் வாங்கித் தந்தது” என்று கையைத் திருப்பிக் காட்டுகிறார். உன் மனசை அளக்க 34,900 தேவையில்லை. ஈஎம்ஐ போட்டும் வாங்காதே. வட்டியில்லா ஈஎம்ஐ என்பார்கள், அதுவும் மாதாமாதம் கட்டவேண்டிய கடன்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பேங்க் நம்பர் கேட்க உனக்குப் போன் செய்தேன். மெசேஜ் போட்டால் சாயங்காலம் பார்ப்பாய் என்று நினைத்துத்தான் செய்தேன், முதல் ரிங்கிலேயே எடுத்தாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. குட்டி “அப்பா, இன்னொரு தோசை” என்றாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்கிறார்களாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று கேட்டுக்கொண்டார். கார் சர்வீஸில் இருக்கிறது என்று தீபாவளிக்குச் சொன்னாய், பொங்கலுக்கும் அதையே சொன்னாய். உமா மறுபடியும் ட்யூஷன் எடுக்கிறாளாம், சித்தி சொன்னாள். நல்லதுதான். கெட்டிக்காரப் பெண், கணக்கு அவளுக்குக் கைவந்தது. இரண்டு பண்டிகைக்கும் நீ வராதது எனக்கு வருத்தம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அப்பா வேலை பார்த்த மில் மூடின வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ இரண்டாவது படித்தாய். தினமும் காலையில் தூக்குச்சட்டியில் சாப்பாடு வாங்கிக்கொண்டு கிளம்புவார். எங்கே போவார்? என் லைப்ரரிக்குத்தான். வேறு எங்கே போனாலும் யாராவது கேட்பார்கள். ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து எல்லா வார இதழ்களையும் அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார். நான் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. நான் கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரி நீ தூங்கினபிறகு அவராகவே சொன்னார். சொன்னபிறகு அந்த மனுஷர் சாப்பிட்ட சாப்பாடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த மாதமே அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போய்விட்டார். அதில்தான் நீ இன்ஜினியரிங் படித்தாய். சம்பளம் குறைவு என்று ஒருநாளும் அவரை நான் குறைவாக நினைத்ததில்லை, இந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

இதை ஏன் எழுதினேன் என்றால், அப்பாவுக்குப் பத்திரிகை என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். அவரைக் கைப்பிடித்துக் கரைசேர்த்தது அது. அதனால் டேப்லெட் அவசியம் வேண்டும். ஆனால் அந்த ரெட்மி போதும். என் பென்ஷனில் நானே வாங்கிவிடுவேன். கடையில் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது வேறு. நீ வந்து அதைச் சரிசெய்துகொடு. பாஸ்வேர்டு போட வேண்டும், ஆப் ஏற்ற வேண்டும், அப்பா விரலுக்குத் தகுந்த மாதிரி முகப்பில் நாலு ஆப்பின் படத்தை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தால் அவருக்குப் பிடிக்காது, நீ சொன்னால் கேட்டுக்கொள்வார். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. பழகும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும். ஒரு வாரம் இரு, பத்து நாள் இரு, உன் இஷ்டம். எத்தனை நாள் லீவு என்று அப்பா கேட்கமாட்டார், நான் சொல்லிவைத்துவிட்டேன். குட்டிக்குப் பரீட்சை முடிந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் நானே போட்டு அனுப்புகிறேன், தேதி மட்டும் சொல். உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணமும் போடுகிறேன். திருப்பி அனுப்பாதே, செந்தில். போன தடவை திருப்பி அனுப்பினாய், எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பெரியத்தை வீட்டுக் கல்யாணம் வைகாசியில். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

உமாவுக்கும் குட்டிக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா

பி.கு. ஐபேட் ஆர்டர் ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே கேன்சல் செய்துவிடு. பெட்டி வாசலுக்கு வந்தால் நான் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டேன். நிறுத்திவைக்கிற கவர் மட்டும் நீ வாங்கி வா, இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை.