செர்ஜியோ மெண்டிஸ் பிறந்த ஊரிலிருந்து

நித்தெரோய், பிரேசில்
28.5.2006

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். நீங்களும் சித்தியும் நலந்தானே? சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்த மாதப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டேன்.

சிங்கப்பூரில் நாங்கள் மாற்றியமைத்த பி-50 எண்ணெய் மேடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் உடலை வைத்து உருவாக்கியது அது. இங்கே நித்தெரோயில் மீதி வேலை முடிந்து, கடலுக்குப் போய், ஏப்ரல் 21ஆம் தேதி உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. நாளொன்றுக்கு 1,80,000 பீப்பாய் எடுக்கக்கூடியது. ஜனாதிபதி லூலாவே மேடைக்குப் போய், எண்ணெய் தோய்ந்த உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார். அந்தப் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த மேடைக்கான வேலை இருப்பதால் நான் இன்னும் சில காலம் இங்கேதான்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. தினமும் சோறு, கறுப்பு பீன்ஸ் குழம்பு, மேலே தூவிக்கொள்ள வறுத்த மரவள்ளி மாவு. ரியோவின் காட்டுப் பக்கம் போனால் நம் ஊர்ப் பலா மரங்கள் காய்த்துத் தொங்குகின்றன. போர்த்துக்கீசியர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து வைத்தவை என்கிறார்கள். பண்ருட்டி முந்திரி இந்த நாட்டிலிருந்துதான் நமக்கு வந்தது என்பதால் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போகட்டும். "இசை நாடு என்று சொல்கிறார்கள், நீ ஒரு வரிகூட எழுதவில்லையே" என்று கேட்டிருந்தீர்கள். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பிப்ரவரியில் வெளிவந்த, செர்ஜியோ மெண்டிஸின் 'டைம்லெஸ்' என்ற இசைத்தட்டைப் பற்றி என்னைச் சுற்றியுள்ளவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் பலமுறை கேட்டு ஒரு முடிவுக்கு வந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். இப்போது வந்துவிட்டேன்.

செர்ஜியோ மெண்டிஸ் இந்த ஊர்க்காரர். 1941இல் நித்தெரோயில் பிறந்தவர். வளைகுடாவுக்கு அந்தக் கரையில் ரியோ, இந்தக் கரையில் நாங்கள். படகில் இருபது நிமிடம். மேல்நாட்டுச் செவ்வியல் முறையில் பியானோ பயின்று, ஜாஸ் பக்கம் திரும்பி, ரியோவின் கோபகபானா பகுதியில் சிறிய இரவு விடுதிகளில் வாசித்து வளர்ந்தார். 1964இல் இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1966இல் 'பிரேசில் 66' என்ற குழுவோடு, ஜோர்ஜி பென் என்பவர் 1963இல் எழுதிப் பாடிய 'மாஸ் கே நாடா' என்ற பாட்டை அவர் வெளியிட, அது உலகமெங்கும் பரவியது. போர்த்துக்கீசிய மொழிப் பாட்டு ஒன்று அமெரிக்க வானொலிகளில் அப்படி ஒலித்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

அவருக்கு இப்போது 65 வயது. சுமார் பத்து ஆண்டுகளாகப் புதிய தட்டு எதுவும் கொடுக்கவில்லை. அப்படி இருந்தவரை, பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவின் தலைவரான வில்.ஐ.ஆம் என்ற இளைஞர், மெண்டிஸின் பழைய இசைத்தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு தேடிப் போய்ச் சந்தித்திருக்கிறார். அந்தச் சந்திப்பில் தொடங்கியதுதான் இந்த 'டைம்லெஸ்'. ஸ்டீவி வொண்டர், எரிகா படு, ஜான் லெஜண்ட், ஜஸ்டின் டிம்பர்லேக், கியூ-டிப் என்று பாட்டுக்கொரு விருந்தாளி. சாம்பா என்பது இந்த நாட்டு ஆட்டப் பாட்டு, போசா நோவா அதன் மென்மையான வடிவம். அந்தப் பழைய சாம்பாக்களையும் போசா நோவாக்களையும் எடுத்து அடியில் தாள இயந்திரத்தை ஓடவிட்டு மேலே ராப் என்கிற தாளப் பேச்சைப் பேசியிருக்கிறார்கள். புதிய பாட்டுகளும் சில உண்டு.

எங்கள் பட்டறைக்கு வந்திருக்கும் அமெரிக்க எஞ்சினியர்தான் முதலில் தட்டைக் கொண்டுவந்தார். அவர் நாட்டில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளின் கல்லாப் பக்கத்திலேயே விற்கிறார்களாம். அறுபதை நெருங்கும் அவருக்கு இளம் வயதிலிருந்தே 'பிரேசில் 66' என்றால் உயிர். வேலைக்குப் பிரேசில் என்றதும் சம்மதித்ததற்கே அந்தப் பாட்டுகள்தாம் காரணம் என்பார். தட்டைப் போட்டு இரண்டாவது பாட்டிலேயே அவர் முகம் வாடிவிட்டது. பழைய 'மாஸ் கே நாடா'வில் இரண்டு பெண்கள் ஒரே குரல்போல இழைந்து பாடுவார்கள். அந்தக் குரல்களைத் தேடிக்கொண்டே இருந்தார். புதியதில் குழுப்பாட்டு வந்து இரண்டு வரி நிற்பதற்குள் ராப் குறுக்கிட்டுவிடுகிறது. "என் பாட்டை நடுநடுவே வெட்டி எடுத்துவிட்டார்கள்" என்றார். அவர் சொன்னதைக் கேட்க எனக்கே வருத்தமாக இருந்தது.

எங்கள் வெல்டிங் ஃபோர்மேன் சொல்லும் குற்றச்சாட்டு வேறு. அவர் வார இறுதியில் சாம்பா வட்டங்களில் பண்டேரோ வாசிப்பவர். பண்டேரோவைப் பார்த்தால் நீங்கள் அரை நிமிடத்தில் சொந்தம் கொண்டாடிவிடுவீர்கள், சித்தப்பா. உங்கள் கஞ்சிராவைவிடச் சற்று அகலம், சுற்றிலும் ஐந்து ஜோடி சில்லுகள். கட்டை விரல் ஓரத்தில் விழுந்தால் கனத்த ஒலி, பிறகு விரல் நுனி, உள்ளங்கையின் அடி, மறுபடி விரல் நுனி. கை அதிகம் அசையாது, தோல்தான் அசைந்து வந்து விரலில் படுவதுபோல இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் பட்டறை வாசலில் உள்ள சிறு மதுக்கடையில், மேசையில் தட்டியே எனக்கு விளக்கினார். சாம்பாவுக்கு இரண்டு எண்ணிக்கை. பெரிய முரசின் கனத்த அடி இரண்டாவதில்தான் இறங்கும். உள்ளே ஓடும் நான்கு சிற்றடிகளும் ஒரே அளவில் இருக்கக்கூடாது. ஒன்று நீளும், ஒன்று ஒடுங்கும், அந்த ஏற்றத்தாழ்வில்தான் இடுப்பு அசைகிறது. தாள இயந்திரம் நான்கையும் ஒரே அளவாக நறுக்கிவிடுகிறது. "நடப்பவனை அணிவகுக்கச் சொல்வதுபோல" என்றார் அவர். இதைக் கேட்ட பிறகு தட்டை மீண்டும் கேட்டேன். சில பாட்டுகளில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

அவருக்கு அதைவிடப் பழைய மனக்குறை ஒன்றும் இருக்கிறது. மெண்டிஸ் வாசிப்பது ஏற்றுமதிச் சரக்கு, வெளிநாட்டு வாய்க்கு ஏற்றபடி காரத்தைக் குறைத்தது என்பார். ஜோர்ஜி பென் கிடாரோடு பாடியதுதான் அவருக்கு மூலம். இந்த மனக்குறை மெண்டிஸுக்கும் முந்தியது. கார்மென் மிராண்டா என்ற பாடகி 1940இல் அமெரிக்காவிலிருந்து புகழோடு திரும்பி, எங்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஊர்கா பகுதியின் சூதாட்ட விடுதியில் பாடியபோது, கூட்டம் கைதட்டாமல் உட்கார்ந்திருந்ததாம். அமெரிக்கக்காரியாக மாறிவிட்டாள் என்று கோபம். அதே ஆண்டில் அவர் அந்தப் பழிச்சொல்லுக்குப் பதிலாகவே ஒரு சாம்பாவைப் பாடிப் பதிவு செய்தார். ஊரைவிட்டுப் போய்ப் பெயர் வாங்கியவர்கள் மீது ஊருக்கு இருக்கும் பெருமையும் கோபமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன போலும். நானும் ஊரைவிட்டு வந்தவன் என்பதால் இந்தக் கதையைக் கேட்டு அன்று வெகுநேரம் விழித்திருந்தேன்.

வீட்டுக்கார அம்மாளின் பேரனுக்குப் பதினேழு வயது. ராப் என்றால் சோறு வேண்டாம். அவனாவது கொண்டாடுவான் என்று தட்டைக் கொடுத்தேன். இரண்டு நாள் வீடே அதிர்ந்தது. பிறகு அவனும் ஒரு குறையோடுதான் வந்தான். "இதை எங்கள் ஆட்கள் எப்போதோ செய்துவிட்டார்களே" என்றான். சாவோ பாவ்லோவின் ரசியோனைஸ் என்ற ராப் குழு 1997இலேயே ஜோர்ஜி பென்னின் பாட்டைத் தன் தட்டில் பாடியிருக்கிறது. ரியோவின் மார்செலோ டி2 சாம்பாவையும் ராப்பையும் கலந்து 2003இல் ஒரு முழுத் தட்டையே கொடுத்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து கைகோத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்க்க வேண்டுமா என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனாலும் 'மாஸ் கே நாடா' வரும்போது அவன் கால் சும்மா இருப்பதில்லை என்பதையும் பார்த்தேன். அந்தத் தட்டைக் கேட்ட பிறகுதான் அவன் பாட்டியின் அலமாரியிலிருந்த அறுபதுகளின் தட்டுகளை முதன்முறையாகக் கீழே இறக்கினான்.

அந்த அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வாதத்தில் கலந்துகொள்ளவே இல்லை. பொறுமையாக முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "பியானோ எங்கே?" என்று மட்டும் கேட்டார். பிறகு மெண்டிஸ் அமெரிக்கா போவதற்கு முன்னால் டிராம்போன் என்ற நீண்ட ஊதுகருவிகள் இரண்டை வைத்துக்கொண்டு வாசித்த பாட்டில்லாத தட்டைப் போட்டுக் காட்டினார். அப்பப்பா! விரல்கள் ஓடுகிற ஓட்டம், சட்டென்று நிறுத்தி மூச்சு விடுகிற இடம், இடது கை வெட்டிப் போடுகிற தாளம். இந்த மனிதரா புதிய தட்டில் ஓரமாக உட்கார்ந்து நாலு சுரம் வாசிக்கிறார் என்றிருந்தது.

நான் வந்து சேர்ந்த முடிவும் அதுதான், சித்தப்பா. எல்லோரும் ராப் மீது பழி போடுகிறார்கள். ராப் அங்கே அந்நியன் இல்லை. அமெரிக்க எஞ்சினியர் உருகுகிற அந்தப் பழைய குரலே சிகாகோவைச் சேர்ந்த லானி ஹால் என்ற பெண்ணுடையது. போர்த்துக்கீசியம் தெரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பாடியவர். 1966இலேயே அது கலப்புதான், அழகான கலப்பு. இந்தத் தட்டின் குறை என்னவென்றால், வீட்டுக்கு உரியவரைப் பல இடங்களில் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு விருந்தாளிகளே பந்தி நடத்துகிறார்கள். டிம்பர்லேக் பாடுகிற பாட்டை மெண்டிஸ் பெயரில்லாத எந்தத் தட்டிலும் வைக்கலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் மார்செலோ டி2 வருகிற 'சாம்பா டா பென்சாவோ' இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தட்டை வாங்கலாம். பாடன் பவல் மெட்டமைத்து, கவிஞர் விநீசியஸ் டி மொராயிஸ் எழுதியது. மூலத்தில் விநீசியஸ் பாதி பாடுவார், பாதி பேசுவார். கிடார் ஓடிக்கொண்டிருக்க, பிஷிங்கினியா, கார்டோலா, நோயல் ரோசா என்று மூத்த இசைக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஆசி கேட்டுக்கொண்டே போவார். அறுபதுகளில் ஒரு கவிஞர் சாம்பாவின் மேல் தாளத்தோடு பேசியிருக்கிறார் என்றால், பேச்சு அந்தப் பாட்டுக்குள் முன்பே குடியிருந்தது என்றுதானே பொருள்? மார்செலோ அந்த இடத்தில் வந்து நின்றதும் ஒட்டுப்போட்டதாகவே தெரியவில்லை. தனியாவர்த்தனத்தில் நீங்கள் கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொற்கட்டு சொல்லத் தொடங்குவீர்களே, அப்போது சபையில் யாரும் பாட்டு நின்றுவிட்டது என்று நினைப்பதில்லை. அந்த உணர்வுதான் எனக்கு வந்தது. ஃபோர்மேனிடம் இந்தப் பாட்டை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, மேசையில் விரலால் கூடவே தட்டினார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

'பெரிம்பாவ்' பாட்டும் நன்றாக இருக்கிறது. சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றை நரம்பு வில்லின் பெயரில் அமைந்த பாட்டு. அதில் ஸ்டீவி வொண்டர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். பாடுபவர் மெண்டிஸின் மனைவி கிரசினியா லெபொராசி. அங்கே யாரும் யாரையும் முந்தவில்லை, பியானோவும் கேட்கிறது.

இங்கே தெருவெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் தரையிலேயே ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் 13 அன்று பெர்லினில் குரோஷியாவுடன் பிரேசிலின் முதல் ஆட்டம். அன்று மதியம் பட்டறையில் வேலை நடக்காது என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள். நானும் ஃபோர்மேன் வீட்டில்தான் பார்க்கப்போகிறேன், அழைத்திருக்கிறார்.

தட்டைப் பிரதி எடுத்து, அந்த அம்மாளின் பழைய தட்டிலிருந்து இரண்டு பாட்டுகளையும் சேர்த்து, சிங்கப்பூர் வழியாக ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜூன் கடைசியில் உங்களுக்கு வந்து சேரும். முதலில் பழைய பாட்டுகளைக் கேளுங்கள், பிறகு 'சாம்பா டா பென்சாவோ', அதற்கப்புறம் மற்றவை. கஞ்சிராவைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். இயந்திரத் தாளம் எந்தெந்தப் பாட்டில் உங்கள் விரலோடு முரண்டு பிடிக்கிறது, எதில் இழைந்து போகிறது என்று பாட்டின் பெயரோடு விவரமாக எழுதுங்கள். ஃபோர்மேன் உங்கள் கருத்தைக் கேட்டுச் சொல்லும்படி என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வாசிப்பையும் ஒரு கேசட்டில் பதிவு செய்து அதே நண்பரிடம் அனுப்புகிறேன்.

சித்திக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்