கோஷ்டத்துச் சாமிக்கு ஒரு படம் வேண்டும்

தமிழ்நாடு இந்து சமய அறநிலையத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்துக்காரன். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழமலைநாதர் கோயில் மாசிமகத்துக்குச் சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். அங்கே கோஷ்டத்தில், அதாவது கருவறையின் வெளிச்சுவர் மாடத்தில், நின்ற கல் அர்த்தநாரீசுவரரை எத்தனை தடவை சுற்றி வந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனாலும் அவர் காணாமல் போனதைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்கு முகம் வரையச் சொல்லிக்கொடுத்த எனக்கே அந்த முகம் மனதில் பதியவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அவர் போன இடம் சிட்னி. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரியிடம் சுமார் 3 லட்சம் டாலருக்கு வாங்கியது. கூடவே ஒரு ரசீதும் கைமாறியது. 1970இல் டெல்லிக் கடையில் வாங்கிய சிலை என்றது அது. அந்த ஆண்டைச் சும்மா போடவில்லை. பழம்பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் இன்றைய சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன்பே கைமாறியது என்று ஒரு தாளைக் காட்டினால், வாங்குகிறவர்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அந்தக் கலைக்கூடமும் தாளைத்தான் பார்த்தது. எந்த ஊர், எந்தச் சுவர், யார் கும்பிட்ட சாமி என்று கேட்டிருக்க வேண்டும். தாள் சரியாக இருந்தால் மனச்சாட்சிக்கு வேலையில்லை என்று நினைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

ரசீது பொய் என்பதற்குச் சாட்சி புதுச்சேரியில் இருந்தது. செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1970இல் டெல்லியில் விலைபோனதாகச் சொன்ன சாமி, அவர்கள் 1974இல் எடுத்த படத்தில் விருத்தாசலத்துச் சுவரிலேயே நிற்கிறார்! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து அவரை ஒப்படைத்தார். அதே கோயிலின் பிரத்தியங்கிரா தேவி 2016இல் கான்பெராவிலிருந்து மீண்டதற்கும் புதுச்சேரிப் படம்தான் உதவியது.

படம் இல்லாவிட்டால் என்ன பாடு என்பதற்குப் பத்தூர் நடராசர் இருக்கிறார். 1976இல் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு லண்டன் வரை போனவர். பத்தூர்ச் சிவன் கோயிலே லண்டன் நீதிமன்றத்தில் வழக்காளியாக நின்று வாதாடியது. சிலையில் ஒட்டிய மண்ணையும் அதன் உலோகத்தையும் ஆராய்ந்து நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1991இல்தான் அவர் ஊர் திரும்பினார்.

சரி, இப்போது நம் கோயில்களுக்கு வருகிறேன். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு கோயிலின் சொத்துப் பதிவேட்டிலும் சிலைகளின் விவரம் இருக்க வேண்டும். ஆனால் "அம்மன், கல், 1" என்று ஒரு வரி எழுதினால் எந்த வெளிநாட்டு நீதிமன்றத்தில் அதைக் காட்டுவது? எங்கள் ஊர்ச் சிறு கோயிலில் படம் தேடினேன். கும்பாபிஷேக ஆல்பம் கிடைத்தது. பட்டும் மாலையும் சந்தனக்காப்புமாக அம்மன் அழகாகத்தான் இருக்கிறாள். அந்தப் படத்தை வைத்து அவளை அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. மூக்கு நுனியில் சிதைவு, உடைந்த விரல், பீடத்தில் விழுந்த கீறல் ஆகியவைதான் ஒரு சிலையின் அங்க அடையாளம். அலங்காரம் களைந்த நேரத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்னும் பின்னும் எடுத்த படம் வேண்டும். உற்சவர்களுக்கு மட்டும் போதாது. கோஷ்டத்தில் பூட்டில்லாமல் நிற்கும் கல் சிலைகளுக்கும் வேண்டும்.

அப்புறம், அந்தப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். திருடனுக்கு நாமே வழிகாட்டுவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் விருத்தாசலத்தில் திருடியவர்களுக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. உலகமே பார்த்த சிலையை விற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். பூட்டிய பீரோவில் இருக்கும் படம் திருட்டுக்குப் பிறகு உதவும். வெளியில் இருக்கும் படம் வாங்குகிறவரையே தயங்க வைக்கும்.

மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள இடங்களில் குருக்களின் சம்மதத்தோடு என்ன முடியுமோ அதைச் செய்யலாம். ஆனால் அந்த வழக்கத்தைக் காட்டிச் சுற்றுச்சுவர்ச் சிற்பங்களையும் விட்டுவிட வேண்டாம்.

எங்கள் ஊர்க் கோயிலில் போன வாரம் அபிஷேகத்துக்கு முன், பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, கோஷ்டச் சிலைகள் ஐந்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்தேன். தட்சிணாமூர்த்தியின் இடது கையில் ஒரு விரல் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இந்தப் படங்களை எங்கே, யாருக்கு அனுப்பினால் பதிவேட்டில் சேரும் என்று துறையிலிருந்து ஒரு வரி எழுதுங்கள். அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
விருத்தாசலம் வட்டாரத்து ஓவிய ஆசிரியர் (ஓய்வு)